எந்த ஸ்லைடரை முதலில் தொடுவது?

போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்த நாட்களில் படத்தைத் திறந்ததும் என் கை நேராக சாச்சுரேஷனுக்குத்தான் போகும். வண்ணம் கொஞ்சம் ஏறியதும் படத்துக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். அப்புறம் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம். கான்ட்ராஸ்ட் ஏறியதும் முகம் இருட்டாகிவிடும், எக்ஸ்போஷரைக் கூட்டுவேன், கூட்டியதும் வண்ணம் வெளிறிப்போன மாதிரி தெரியும், மறுபடியும் சாச்சுரேஷன். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் இப்படியே போகும். முடிவில் படம் நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்றே சொல்லத் தெரியாது. கண் அவ்வளவு களைத்துப் போயிருக்கும்.

வரிசையாக வேலை செய்ய நான் பழகியது ஒரு ராத்திரிக்குப் பிறகுதான். நண்பர் ஒருவரின் குடும்ப நிகழ்ச்சியில் எடுத்த 400 படங்களை மறுநாளே கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து விடியற்காலை நான்கு மணிவரை ஒவ்வொன்றாகச் செய்து முடித்தேன். தூங்கி எழுந்து, எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே திரையில் வரிசையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் ஐம்பது படங்கள் சரியாக இருந்தன. நூறைத் தாண்டும்போது முகங்களில் லேசாக மஞ்சள். இருநூற்றைம்பதில் ஆரஞ்சு. கடைசி வரிசையில் எல்லோர் முகமும் செங்கல் நிறம். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஆட்கள் எடுத்த மாதிரி இருந்தது. ராத்திரி முழுக்க என் கண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியவேயில்லை.

கண் அப்படித்தான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்தால் அது நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது, கேமராவுக்குத்தான் மஞ்சளாகத் தெரிகிறது. எந்த வெளிச்சத்தில் இருந்தாலும் ஐந்து பத்து நிமிடங்களில் கண்ணும் மூளையும் அதற்குப் பழகி, அதையே நடுநிலை என்று எடுத்துக்கொள்கின்றன. அன்றாட வாழ்க்கைக்கு இது பெரிய வசதி. எடிட்டிங் மேஜையில் இதுதான் பெரிய ஆபத்து. ஏற்றிவிட்ட வண்ணத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் அது சாதாரணமாகிவிடும், இன்னும் கொஞ்சம் ஏற்றத் தோன்றும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படிப்படியாக எடிட் செய்யச் சொல்லித்தரும் பலர், மென்பொருளுக்காகத்தான் அந்த வரிசை என்பதுபோலப் பேசுகிறார்கள். லைட்ரூம், டார்க்டேபிள் மாதிரியான ரா எடிட்டர்களில் (ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) நீங்கள் எந்த ஸ்லைடரை முதலில் நகர்த்தினாலும் உள்ளே கணக்கு நடப்பது அந்த மென்பொருளுக்கென்று இருக்கும் வரிசையில்தான். மூல ஃபைல் தொடப்படுவதே இல்லை, நீங்கள் செய்தவை எல்லாம் குறிப்புகளாக மட்டும் சேமிக்கப்படுகின்றன. ஆக, படிகளும் வரிசையும் நம் கண்ணுக்காக. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் கிடைத்ததும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். எல்லாக் கேள்வியையும் ஒரே நேரத்தில் கேட்டால் கண் எதற்கும் நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. (போட்டோஷாப்பில் பிக்சல்களை நேரடியாக மாற்றும்போது கதை வேறு, அங்கே வரிசை மாறினால் விளைவும் மாறும்.)

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கிறார். மாலை நேரம், ஜன்னலுக்கு வெளியே நிழல் வெளிச்சம். நான் கேமராவை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் "அந்த லைட்டைப் போடு, நூல் தெரியல" என்றார். போட்டேன். ஒரு பக்கம் ஜன்னலின் நீலம், மறுபக்கம் பல்பின் மஞ்சள். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/125, லென்ஸ் முழுக்கத் திறந்து எஃப் 2.8. ரா ஃபைலாக 23 படங்கள்.

படத்தைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. மானிட்டரின் வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையிலிருந்து வந்தபோது இருந்த வெளிச்சத்தில் வைத்திருந்தால் பெரும்பாலும் அது எடிட்டிங்குக்கு மிக அதிகம். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை போதும், வெண்மை 6500 கெல்வின், காமா 2.2. காலிபிரேட்டர் கருவி இருந்தால் இதை அளந்தே வைத்துவிடலாம், இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் அறை வெளிச்சத்தில் வைத்து, திரையின் வெள்ளையும் அதே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை குறைத்தால் ஓரளவுக்குச் சரியாக வரும். ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதி, அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மாறும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். என்னுடைய அந்த 400 படங்களின் கதையில் கண்ணின் பங்கு பாதி என்றால், இரவில் தானாக மாறிக்கொண்டிருந்த திரையின் பங்கு மீதி என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் பிரதி எடுப்பது. மெமரி கார்டிலிருந்து கணினிக்கு, கணினியிலிருந்து வெளி டிஸ்க்குக்கு, இன்னொரு பிரதி வேறு இடத்தில். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. இதெல்லாம் ஆகும்வரை கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டாம்.

படங்களைக் கழிப்பதில் நான் கற்றுக்கொண்டது, முதல் சுற்றில் நல்லதைத் தேடக் கூடாது என்பது. முதல் சுற்றில் தோற்றதை மட்டும் தேடுங்கள். கண் மூடியது, ஆடியது, ஃபோகஸ் தவறியது. இதை வேகமாகச் செய்யலாம், யோசிக்கவே வேண்டாம். 23ல் 11 இப்படிப் போய்விட்டன. இரண்டாவது சுற்றில்தான் நல்லதைத் தேடுவது. மிஞ்சிய 12 படங்களிலும் முகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், வித்தியாசம் விரல்களில் இருந்தது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஊசியின் காதைப் பார்த்தேன். ஒன்றில் ஊசி கூர்மை, நூல் மங்கல். ஒன்றில் நூல் கூர்மை, விரல் லேசாக அசைந்திருக்கிறது. ஒரே ஒரு படத்தில் இரண்டும் கூர்மை, நூலின் நுனியில் பிரிந்து நிற்கும் இழைகூடத் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டேன். எந்தப் படம் என்று முடிவாகாமல் ஸ்லைடரைத் தொடக் கூடாது, ஏனென்றால் எடிட் செய்யத் தொடங்கிவிட்ட படத்தை விட மனம் வராது.

ரா ஃபைல் ஏன் என்று கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்கிறேன். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைகள். 12 பிட் ராவில் 4096, 14 பிட் ராவில் 16384. அதிலும் இந்தப் படிநிலைகள் சமமாகப் பங்கு போடப்படுவதில்லை. சென்சார் வெளிச்சத்தை எண்ணுவது நேர்கோட்டில், அதனால் 14 பிட்டில் மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கு (ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாகும் ஒரு படி) மட்டும் 8192 படிநிலைகள் போய்விடும், அடுத்ததற்கு 4096, அதற்கடுத்து 2048, இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இருட்டான பகுதிக்கு வந்து சேர்வது கொஞ்சம். விழுந்த ஒளியும் அங்கே கொஞ்சம்தான். நிழலை இழுத்து மேலே தூக்கினால் அங்கே மணல் தூவிய மாதிரி நாய்ஸ் வருவது இதனால்தான். எடுக்கும்போதே ஹைலைட், அதாவது மிக வெளிச்சமான பகுதி, வெளுத்துப் போகாத அளவுக்கு வெளிச்சம் கூட்டி எடுத்திருந்தால் எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம்.

இப்போது படத்துக்கு வருவோம். முதலில் லென்ஸ் உண்டாக்கும் வளைவு மாதிரியான குறைகளைச் சரிசெய்யும் லென்ஸ் கரெக்ஷன், அது ஒரு டிக்தான். பிறகு சாய்வைச் சரிசெய்து கிராப். கிராப்பைக் கடைசியில் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மா படத்தின் இடது ஓரத்தில் பாதி திறந்த கதவு வழியாக வெள்ளையாக ஒரு பட்டை வெளிச்சம். அது படத்தில் இருக்கும்வரை கண் அங்கேதான் போகிறது, அதோடு ஒப்பிட்டால் அம்மாவின் முகம் இருட்டாகத் தெரிகிறது, எக்ஸ்போஷரைக் கூட்டச் சொல்கிறது. கதவை வெட்டியதும் அதே முகம் போதுமான வெளிச்சத்தில் இருப்பது தெரிந்தது. ஒரு ஸ்லைடரைக்கூட நகர்த்தவில்லை. படத்தில் இருக்கப் போவதில்லை என்று தெரிந்த பொருளை வைத்துக்கொண்டு வெளிச்சத்தை எடை போடுவதில் அர்த்தமில்லை. 8க்கு 10 அங்குலம் பிரிண்ட் போட நினைத்திருந்ததால் 4:5 விகிதத்தில் வெட்டினேன். ரா எடிட்டரில் கிராப் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கிடைக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வண்ணச் சாய்வைச் சரிசெய்வது. சென்சாருக்கு வண்ணம் தெரியாது, விழும் ஒளியின் அளவு மட்டும்தான் தெரியும். அதன் மேல் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வண்ண வடிகட்டி இருக்கிறது, பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் கண்டுபிடித்த அமைப்பு, 1976ல் காப்புரிமை பெற்றது, இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அதுதான். ஒயிட் பேலன்ஸ் என்பது அடிப்படையில் இந்தச் சிவப்பு, நீல எண்களை எதனால் பெருக்குவது என்ற முடிவு. ரா ஃபைலில் அந்தப் பெருக்கல் இன்னும் நடக்கவில்லை, அதனால் தாராளமாக மாற்றலாம். ஜேபெக்கில் பெருக்கி, வெட்டி, 256 படிநிலைக்குள் அடைத்துவிட்ட பிறகு நம் கைக்கு வருகிறது.

கெல்வின் எண் பலரைக் குழப்பும். பல்பு வெளிச்சம் ஏறக்குறைய 2800, நடுப்பகல் வெயில் 5500, நிழல் 7000க்கும் மேல். எண் கூடக்கூட ஒளி நீலம். ஆனால் ஸ்லைடரில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறது. காரணம் எளிது. அந்த ஸ்லைடர் மூலம் "எடுத்தபோது வெளிச்சம் இவ்வளவு நீலமாக இருந்தது" என்று மென்பொருளுக்குச் சொல்கிறோம், அது அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

என் வழி இது. ஸ்லைடரை ஒரு கோடிக்கு, படம் முழுக்க நீலமாகும்வரை தள்ளுவேன். பிறகு மறு கோடிக்கு, முழுக்க மஞ்சளாகும்வரை. இரண்டையும் பார்த்த பிறகு மெதுவாக நடுவுக்கு வருவேன். பழகிப்போன கண் இந்த இரண்டு அதிர்ச்சியில் கொஞ்சம் விழித்துக்கொள்ளும், அப்போது நிற்கிற இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சொடுக்கிய இடத்தை நடுநிலை என்று எடுத்துக்கொள்ளும் ஐட்ராப்பர் கருவியைப் பயன்படுத்துவதென்றால் சாம்பல் நிறப் பொருளில் வையுங்கள். வெள்ளைத் துணியில் வைத்து நான் ஏமாந்திருக்கிறேன். துணிக்கும் சலவைத்தூளுக்கும் சேர்க்கிற வெண்மையூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருபவை. ஜன்னலோரம் அந்தத் துணி நிஜமாகவே கொஞ்சம் நீலம். அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் முகம் மஞ்சளாகிவிடும்.

அம்மா படத்தில் இரண்டு வெளிச்சம், இரண்டுக்கும் பொதுவான எண் கிடையாது. நடுவில் ஒரு எண்ணை வைத்தால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும். முகத்தின் பெரும்பகுதி ஜன்னல் பக்கம் இருந்ததால் ஜன்னலுக்குச் சரியான எண்ணை வைத்தேன். பல்பு பக்கத்தின் கன்னமும் தோளும் ஆழ்ந்த ஆரஞ்சாகின. அதை அப்படியே விட்டுவிட்டேன், அது பிறகு வேறு படியில். ஒரு படியில் இருக்கும்போது இன்னொரு படியின் வேலையைத் தொடாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பழக்கம்.

வெளிச்சம். எனக்கு மிகவும் பிடித்த படி, அதிக நேரமும் இங்கேதான் போகும். தொடங்கும் முன் சாச்சுரேஷனை அடிமட்டத்துக்கு இறக்கி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவேன். வண்ணம் இருந்தால் வெளிச்சத்தைப் பார்க்க முடிவதில்லை. சிவப்பும் பச்சையும் வண்ணத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கும், படம் தட்டையாக இருப்பது அப்போதுதான் தெரியும். இந்தப் படி முடிந்ததும் பழைய இடத்துக்கு ஏற்றிவிடலாம்.

எக்ஸ்போஷரை முகத்துக்காக மட்டும் வையுங்கள். அப்போது ஜன்னல் வெளுத்துப்போகிறதா என்று கவலைப்பட வேண்டாம், அதற்கு ஹைலைட் ஸ்லைடர் இருக்கிறது. முகம் சரியான பிறகு லைட்ரூமில் ஒயிட், பிளாக் ஸ்லைடர் இரண்டையும் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் எங்கே விவரம் முழுக்கப் போகிறது என்று திரை காட்டும். படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம்), ஆனால் அது மலை மாதிரி நடுவில் அழகாக நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாலை நேர அறையின் ஹிஸ்டோகிராம் இடது பக்கம் குவிந்துதான் இருக்கும். வலது ஓரம் முட்டினால் எது முட்டுகிறது என்று பாருங்கள். பல்பின் நடுப்பகுதி முட்டுகிறதா, முட்டட்டும், பல்பில் பார்க்க என்ன இருக்கிறது. நெற்றி முட்டினால் விடக் கூடாது.

ஷேடோ ஸ்லைடரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இப்போதைய கேமராக்களில் நிழலை நிறையத் தூக்கினாலும் பெரும்பாலும் தாங்குகிறது, அதனால் எல்லோரும் தூக்குகிறார்கள். நானும் தூக்கினேன், 80 வரை. அம்மாவுக்குப் பின்னால் இருட்டில் இருந்த அலமாரி, அதன் மேல் மடித்து வைத்த போர்வைகள், ஒரு பிளாஸ்டிக் வாளி, சுவரில் தொங்கிய பை எல்லாம் வெளியே வந்தன. நாய்ஸ் கூட அதிகமில்லை. ஆனால் படம் போய்விட்டது. ஒரு பெண் மங்கிக்கொண்டிருக்கும் வெளிச்சத்தில் ஊசியைக் கண்ணருகே பிடித்திருக்கும் படம், சாமான்கள் நிறைந்த ஓர் அறையின் படமாகிவிட்டது. 15க்கு இறக்கினேன். அலமாரியின் விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தது. வெளிச்சம் போதாததால்தானே விளக்கைப் போடச் சொன்னார், அந்தப் போதாமை படத்தில் இருக்க வேண்டாமா? நிழலில் தெரியாமல் இருப்பதும் படத்தின் ஒரு பகுதிதான்.

வண்ணத்துக்கு இப்போதுதான் வருகிறோம். அடித்தளம் சரியாக இருந்தால் இங்கே வேலை கொஞ்சம்தான், பல நேரம் சாச்சுரேஷனைத் தொடவே தேவையிருக்காது. வைப்ரன்ஸ் அதைவிடப் பாதுகாப்பானது, ஏற்கனவே அழுத்தமாக இருக்கும் வண்ணங்களையும் தோல் நிறத்தையும் அதிகம் தொடாமல் மங்கலானவற்றை மட்டும் தூக்கும். அழுத்தமான சிவப்புத் துணி இருந்தால் கவனம், சிவப்பு மட்டும் தனியாக உச்சத்தைத் தொட்டு நெசவெல்லாம் அழிந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். அப்போது சிவப்பின் சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறைத்தால் துணி மறுபடி துணியாகும்.

தோல் நிறம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழுப்பும் கறுப்புமான தோல் எடிட்டரில் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடரில் இருக்கும். அதன் லூமினன்ஸை, அதாவது வெளிச்ச அளவை, கூட்டினால் முகம் பளிச்சென்று வெளுக்கும், பார்ப்பவர்கள் "சூப்பர்" என்பார்கள், பல கைபேசி ஆப்கள் யாரும் கேட்காமலே இதைச் செய்துவிடுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபிலிம் காலத்தில், 1950களில் தொடங்கி, லேப்களில் வண்ணத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அளவுகோல் அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று வைத்துக்கொண்டார்கள், கறுத்த முகங்கள் பல ஆண்டுகள் விவரமில்லாமல் இருண்டு கிடந்தன. அந்த அட்டை இப்போது நம் மேஜையில் இல்லை. முடிவு நம் கையில் இருக்கிறது. அம்மாவின் நிறம் அம்மாவுடையது, அதில் ஒளி எங்கே விழுகிறதோ அங்கே மினுங்கட்டும், நிறத்தை மாற்ற எனக்கு எந்த உரிமையும் இல்லை.

அடுத்தது படத்தின் பகுதிகளைத் தனித்தனியாகத் தொடுவது. டார்க்ரூமில் பிரிண்ட் போடும்போது கையாலோ அட்டையாலோ ஒளியை மறைத்து ஒரு பகுதியை வெளிச்சமாக்குவார்கள், கூடுதல் ஒளி கொடுத்து இன்னொரு பகுதியை இருட்டாக்குவார்கள். டாட்ஜ், பர்ன் என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. அன்செல் ஆடம்ஸ் 1941ல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலா உதயப் படம் இதற்குப் பெயர் போனது. ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பலாக, மேகத்தோடு இருக்கிறது, பிற்காலத்தவற்றில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. எடிட்டிங் என்றாலே ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மா படத்தில் மூன்று மாஸ்க் மட்டும், அதாவது மாற்றம் நடக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் மூன்று தேர்வுகள். பல்பு பக்கத்துக் கன்னத்திலும் தோளிலும் ஒரு பிரஷ், அங்கே மட்டும் வண்ண வெப்பத்தைக் குறைத்தேன். முழுக்க நீக்கவில்லை, பல்பு எரிவது தெரிய வேண்டும், ஆரஞ்சிலிருந்து இளமஞ்சளுக்கு வந்தால் போதும். ஜன்னல் பக்கம் ஒரு சரிவு மாஸ்க், அரை ஸ்டாப் இருட்டு. கைகளின் மேல் ஒரு வட்டம், 0.3 ஸ்டாப் வெளிச்சம், விளிம்பு நன்றாக மங்கலாக. இந்தப் படியில் நான் வைத்துக்கொண்ட வழக்கம், செய்து முடித்ததும் எல்லா மாஸ்க்கின் அளவையும் பாதியாக்குவது. கைகளுக்கு முதலில் 0.6 வைத்திருந்தேன், அது போதாது என்றுகூடத் தோன்றியது. பாதியாக்கி ஒரு நிமிடம் வேறு எங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் சரியாக இருக்கிறது.

கறைகளை நீக்குவதில் ஒரு எளிய கேள்வி போதும். அடுத்த வாரம் அது அந்த முகத்தில் இருக்குமா? பருவும் கீறலும் இருக்காது, எடுத்துவிடலாம். மச்சமும் தழும்பும் சுருக்கமும் இருக்கும், விட்டுவிட வேண்டும். சென்சார் தூசி எஃப் 11, எஃப் 16 மாதிரி சின்னத் துளையில்தான் தெளிவாகத் தெரியும், எஃப் 2.8ல் அதைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

நாய்ஸும் ஷார்ப்பனிங்கும் 100 சதவீதத்தில் வைத்து மட்டும் பாருங்கள், சின்னதாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே பொய் சொல்லும். வண்ண நாய்ஸை நன்றாகவே குறைக்கலாம். லூமினன்ஸ் நாய்ஸைக் குறைக்கக் குறைக்கத் தோல் மெழுகாகிவிடும், கொஞ்சம் மணல் இருந்தால் தப்பில்லை, பிரிண்டில் அது தெரியவே தெரியாது. (ஏஐ மூலம் நாய்ஸ் நீக்கி, புது ஃபைல் உருவாக்கும் வசதியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதை மட்டும் எல்லாவற்றுக்கும் முதலில் செய்துவிடுங்கள்.) ஷார்ப்பனிங் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது, விளிம்புகளின் இரு பக்கத்திலும் வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் விளிம்பு இல்லாத இடத்தில் அது நாய்ஸைத்தான் கூர்மையாக்கும். மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் கீயோடு நகர்த்தினேன். கன்னம், சுவர், அலமாரி எல்லாம் கறுப்பாகி மறைந்து, கண் இமையும் விரல் ரேகையும் ஊசியும் நூலும் மட்டும் வெள்ளைக் கோடாக மிஞ்சின. அங்கே நிறுத்தினேன்.

அதோடு கணினியை மூடிவிட்டேன். இதுவும் ஒரு படிதான், நான் இதைத் தவறவிடுவதில்லை. காலையில் எழுந்து முதல் வேலையாக, வேறு எந்தத் திரையையும் பார்க்கும் முன் படத்தைத் திறப்பேன். முதல் மூன்று வினாடிகளில் என்ன தோன்றுகிறதோ அது உண்மை, அதற்குள் கண் பழகியிருக்காது. அன்று காலை முகம் ஒரு சொட்டு மஞ்சளாகத் தெரிந்தது. 200 கெல்வின் குறைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

எக்ஸ்போர்ட்டில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண அமைப்பு, நீளப் பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80 சுற்றி. எஸ்ஆர்ஜிபி 1996ல் வந்தது, வண்ணப் பரப்பு சின்னதுதான், ஆனால் எல்லாத் திரைக்கும் அது புரியும். அதைவிடப் பெரிய வண்ணப் பரப்புள்ள அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் வண்ண நிர்வாகம் தெரியாத ஆப்களில் படம் சோகையாகத் தெரியும். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து விவரத்தை எறிந்துவிட்டுத்தான் அது சேமிக்கும். மாற்றம் வேண்டுமென்றால் ராவுக்குப் போய் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல், 8க்கு 10 என்றால் 2400க்கு 3000. அளவு மாற்றிய பிறகு அந்த அளவுக்கேற்ற ஷார்ப்பனிங் தனியாக.

முதல் பிரிண்ட் இருட்டாக வந்தது. திரையில் நன்றாகத் தெரிந்த அலமாரி விளிம்பு காணோம், விரல்களின் அடிப்பகுதி கறுப்பில் கலந்துவிட்டது. தாள் தானாக ஒளிராது, அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பத்தான் அதனால் முடியும், அதனால் திரையை எவ்வளவு குறைத்து வைத்திருந்தாலும் கடைசித் தீர்ப்பு தாளிடம்தான். பிரிண்டுக்கென்று தனிப் பிரதி ஒன்று எடுத்து 0.3 ஸ்டாப் எக்ஸ்போஷர் கூட்டி, ஷேடோவை 15லிருந்து 25 ஆக்கினேன். இரண்டாவது பிரிண்டில் விரல்கள் வந்துவிட்டன, நுனியில் பிரிந்து நின்ற அந்த இழையும்.

அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு அதே ஜன்னலோரம் போய், கண்ணருகே பிடித்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நூல் கோத்துட்டேனா, இல்லையா?"

100 சதவீதத்தில் எத்தனையோ முறை பார்த்த இடம். "இல்லம்மா, இன்னும் ஒரு மயிரிழை பாக்கி" என்றேன்.